முதுமைக்கு ஒரு முடிச்சு

ஒகேனக்கல்லுக்குப் போய் அருவிக்குத் தலையைக் கொடுத்துவிட்டு, எண்ணெய் தேய்ப்பவரிடம் முதுகையும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நம் நேயர்களில் ஆயிரக் கணக்கில் இருப்பீர்கள். போகிற வழியில் பென்னாகரம் என்று ஓர் ஊர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. தர்மபுரியிலிருந்து வருகிற பஸ் அங்கே சற்று நிற்கும். இறங்கி ஒரு வாய் டீ குடிப்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். வறுத்த மீனையும் பரிசல் சவாரியையும் நினைத்துக் கொண்டிருப்பவர்களுக்குப் பென்னாகரம் ஒரு விசில் சத்தம், அவ்வளவுதான்.

நான் போன அன்று விசில் ஊதியும் பிரயோஜனம் இல்லை. காவிரியில் வெள்ளம். அருவியில் குளிக்கவும் பரிசல் விடவும் தடை. ஆகவே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த நேரம் நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஏது?

எதிர்ப் பெஞ்சில் ஒரு வாலிபர். முப்பது வயது இருக்கும். தோள் அகலம், உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கையில் சில ரசீதுகளை வைத்துக்கொண்டு, பரீட்சையில் தோற்ற பையன் மார்க்கு அட்டையைப் பார்ப்பது போலப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"ஐயா, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று நீட்டினார்.

அவர் பரிசல் ஓட்டுகிறவர். அவருடைய தகப்பனாரும் பரிசல் ஓட்டினவர்தான். பெரியவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. துடுப்புப் பிடிக்கத் தோள் இடம் கொடுக்கவில்லை. இப்போது மூங்கிலைப் பிளந்து பரிசல் பின்னிக் கொடுக்கிறார். அதற்கும் விரல்கள் மறுக்கத் தொடங்கிவிட்டன. "எங்கப்பா கையைப் பார்த்தப்போதான் எனக்குப் பயம் வந்துது ஐயா. நாளைக்கு என் கையும் அப்படித்தானே ஆகும்?" என்றார் வாலிபர். அந்தப் பயத்தில், யாரோ சொன்னார்கள் என்று, தேசிய பென்ஷன் திட்டத்தில் சொந்தமாகக் கணக்கு ஆரம்பித்திருக்கிறார். மாதாமாதம் ஒரு பாங்கிக் கிளைக்குப் போய் ஐந்நூறு ரூபாய் கட்டி வருகிறார்.

"போடறது ஐந்நூறு. ஆனா உள்ளே போறது நானூத்தி அறுபத்து நாலு ரூபா அறுபது காசு. மாசா மாசம் முப்பத்தஞ்சு ரூபா நாப்பது காசு எங்கே போவுது? போதாததுக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை இன்னும் கொஞ்சம் குறையுது. பேசாம நிறுத்திடலாமான்னு பார்க்கறேன்."

யாரும் திருடவில்லை, எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது. அதுதான் இதில் வேடிக்கை.

உங்கள் ஊர்ச் சந்தைக்கு ஆடு கொண்டு போயிருக்கிறீர்களா? உள்ளே நுழையும்போது தலைக்கு இத்தனை என்று சுங்கம் வாங்குவார்கள். கொழுத்த கிடாய்க்கும் அதே சுங்கம். நேற்றுப் பால் மறந்த குட்டிக்கும் அதே சுங்கம். கிடாய்க்காரனுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. குட்டிக்காரனுக்கோ லாபத்தில் ஒரு கால் போய்விடுகிறது. தரகன் கூலி வேறு மாதிரி. அவன் நூற்றுக்கு இத்தனை என்று கேட்பான். குட்டி விலைக்குக் குட்டித் தரகு.

பென்ஷன் கணக்கிலும் இந்த இரண்டு கூலிகளும் உண்டு. பணத்தை நிர்வாகம் செய்கிறவர்கள் நூற்றுக்கு இத்தனை என்று எடுத்துக் கொள்வது தரகு. கணக்கு ஏட்டைப் பராமரிக்க வருஷத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு தடவை கட்டுவதற்கும் குறைந்த பட்சம் இவ்வளவு என்று வாங்குவது சுங்கம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எப்போதும் தரகு விகிதம்தான். சிறு சேமிப்புக்காரரைத் தின்பது சுங்கம்.

இதற்கு நம் நாட்டிலேயே அருமையான திருஷ்டாந்தம் இருக்கிறது. 2004 ஜனவரி முதல் தேதி மத்திய சர்க்காரில் புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்தவர்களுக்காக ஏற்பட்ட இந்தப் பென்ஷன் திட்டத்தை, 2009 மே முதல் தேதி எல்லாப் பிரஜைகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஆறு கம்பெனிகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்; பங்கு மார்க்கெட்டில் எவ்வளவு, கடன் பத்திரத்தில் எவ்வளவு என்பதையும் நீங்களே சொல்லலாம். பணத்தை நிர்வாகம் செய்ய அன்று விதித்த கட்டணம் எவ்வளவு தெரியுமா? 0.0009 சதவீதம்! பத்தாயிரம் ரூபாய்க்கு வருஷத்துக்கு ஒன்பது காசு. உலகத்திலேயே மலிவான பென்ஷன் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

ஆனால் அதே பட்டியலின் கீழ்ப் பகுதியைப் பாருங்கள். கணக்கு ஏட்டைப் பராமரிக்க வருஷத்துக்கு 350 ரூபாய். ஒவ்வொரு தடவை பணம் கட்டும்போதும் ஏட்டுக்காரருக்குப் பத்து ரூபாய், பணம் வாங்குகிற கிளைக்கு இருபது ரூபாய். அப்போது வருஷத்துக்குக் குறைந்தது 6,000 ரூபாய் கட்ட வேண்டும். அதையும் நாலு தவணையாவது செய்ய வேண்டும். கூட்டினால், ஆரம்பக் கட்டணத்தையும் வரியையும் சேர்க்காமலே, 470 ரூபாய். ஆறாயிரத்தில் நூற்றுக்கு ஏழே முக்காலுக்கு மேல்! லட்ச ரூபாய் கட்டினவருக்கும் அதே 470. அவருக்கு அது நூற்றுக்கு அரையைக்கூட எட்டவில்லை. உலகத்தில் மலிவான பென்ஷன் மலிவாக இருந்தது பெரிய முடிச்சுக்காரருக்குத்தான்.

சர்க்காருக்கும் இது தெரியாமல் போகவில்லை. 2010-ல் ஏழைகளுக்கென்று குறைந்த கட்டணத்தில் ஒரு தனிக் கிளையைத் தொடங்கினார்கள். 'ஸ்வாவலம்பன்' என்ற பெயரில், வருஷத்துக்கு ஆயிரத்திலிருந்து பன்னீராயிரம் வரை போடுகிறவருக்குச் சர்க்கார் ஆயிரம் ரூபாய் சேர்த்துப் போட்டது. 2015-ல் அந்த இடத்துக்கு அடல் பென்ஷன் யோஜனா வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்; நம் பரிசல்காரர் காத்துக் கொண்டிருக்கிறார்.

அவருடைய 35 ரூபாய் 40 காசுக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் வந்த பட்டியலின்படி, கிளை மூலம் பணம் கட்டினால் கட்டின தொகையில் அரை சதவீதம் கட்டணம். அரை சதவீதம் என்றால் ஐந்நூறுக்கு இரண்டரை ரூபாய்தானே என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! "ஆனால் முப்பது ரூபாய்க்குக் குறையாமல்" என்று ஒரு வால் இருக்கிறது. முப்பதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஐந்து ரூபாய் நாற்பது காசு. தரகு என்று பெயர் சொல்லிக்கொண்டு வருகிற சுங்கம் அது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறைவது ஏட்டுக் கூலி. 2025 அக்டோபர் முதல், இரண்டு லட்சம் ரூபாய் வரை இருப்பு உள்ளவருக்கு அது வருஷத்துக்கு நூறு ரூபாய்; வரியோடு 118. இதைக் கையில் கேட்டு வாங்க மாட்டார்கள். கணக்கில் உள்ள யூனிட்டுகளில் கொஞ்சத்தை ரத்து செய்து எடுத்துக் கொள்வார்கள். அதனால்தான் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை.

டீக்கடைக் காகிதத்தின் பின்புறத்தில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் ஐந்நூறு வீதம் பன்னிரண்டு தடவை கட்டினால் கிளைக்கு 424 ரூபாய் 80 காசு, ஏட்டுக்கு 118, ஆக 542 ரூபாய் 80 காசு. ஆறாயிரத்தில் நூற்றுக்கு ஒன்பது போயிற்று. அதே ஆறாயிரத்தை வருஷத்தில் ஒரே தடவையாகக் கட்டினால்? கிளைக்கு 35 ரூபாய் 40 காசுதான். ஏட்டுக் கூலியோடு சேர்த்து 153 ரூபாய் 40 காசு, நூற்றுக்கு இரண்டரை. அதே பணம், அதே கிளை, அதே திட்டம். தடவைகளைக் குறைத்ததில் மட்டும் 389 ரூபாய் 40 காசு மிச்சம்.

வாலிபர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?" என்றார் பிறகு. நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் இல்லை. இன்னொரு டீ சொன்னேன்.

இணையத்தில் தாமாகவே கட்டத் தெரிந்தவர்களுக்குக் கட்டணம் இதைவிடக் குறைவு. வீட்டில் காலேஜில் படிக்கிற பெண்ணோ பிள்ளையோ இருந்தால் அவர்களைப் பிடியுங்கள். சினிமா பார்க்கிற போனை இதற்கும் உபயோகிக்கலாம்.

டீ ஆற்றிக் கொண்டே அத்தனையையும் கேட்டுக் கொண்டிருந்த கடைக்கார அம்மாள் அப்போது பேச்சில் கலந்துகொண்டார். "அந்தத் தம்பி ஆறாயிரம் போடும். என்னால வருஷத்துக்கு ஆயிரம் தாண்டாது. எனக்கு நாப்பத்து மூணு வயசு. நான் இதுல சேரலாமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

சேரலாம், வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் இருந்தால் கணக்கு உயிரோடு இருக்கும் என்பதுதான் விதி. ஆனால் சேர வேண்டுமா என்பது வேறு கேள்வி. இதற்குக் காகிதத்தின் முன்புறமும் தேவைப்பட்டது.

வருஷ ஆரம்பத்தில் ஆயிரம் வீதம் பத்து வருஷம் கட்டுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பங்கும் பத்திரமும் சேர்ந்து வருஷா வருஷம் ஒன்பது சதவீதம் சம்பாதிக்கிறது என்றும் வைத்துக் கொள்ளுங்கள். (அப்படிச் சம்பாதிக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள், மார்க்கெட் அவருடைய பால் வியாபாரி அல்ல, தினமும் வருவதற்கு.) கிளைக் கூலியை விட்டுவிடுவோம். வருஷா வருஷம் 118 ரூபாய் ஏட்டுக் கூலி மட்டும் போனால், பத்து வருஷ முடிவில் கையில் நிற்பது சுமார் 14,770 ரூபாய்.

இதே ஆயிரத்தைத் தபாலாபீஸில் பி.பி.எப். கணக்கில் போட்டால்? அது 1968-ல் ஏற்பட்ட பழைய திட்டம். வருஷத்துக்கு 500 ரூபாய் கட்டினால் போதும். வருஷாந்தரக் கட்டணம் என்று எதுவும் இல்லை. வட்டி 2020 ஏப்ரலில் 7.1 சதவீதம் என்று வைத்தார்கள். 2025 முழுவதும் அது மாறவில்லை. அந்த வட்டியே நீடித்தால் பத்து வருஷத்தில் சுமார் 14,870 ரூபாய் ஆகியிருக்கும். நூறு ரூபாய் அதிகம்! மார்க்கெட்டின் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் நெஞ்சைக் கொடுத்துச் சம்பாதித்த ஒன்பது சதவீதம், ஆடாமல் அசையாமல் வந்த ஏழு சதவீதத்திடம் தோற்றுவிட்டது. நடுவில் நின்று தின்றது அந்த 118.

இதைக் கேட்டு மாதம் ஆயிரம் கட்டக் கூடியவர்கள் பயந்துவிடக் கூடாது. அவர்கள் கணக்கு தலைகீழ். வருஷம் 12,000 வீதம் அதே பத்து வருஷம், அதே வட்டிகள், கூலி போகப் பென்ஷன் கணக்கில் சுமார் 1,96,930 நிற்கும், பி.பி.எப்.பில் சுமார் 1,78,410. பதினெட்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம். பெரிய முடிச்சுக்கு 118 ரூபாய் கொசுக்கடி. ஆகவே 'இந்தத் திட்டம் நல்லதா, கெட்டதா?' என்று யாராவது உங்களைக் கேட்டால், 'வருஷத்துக்கு எவ்வளவு போடப் போகிறாய்?' என்று திருப்பிக் கேளுங்கள்.

பி.பி.எப்.பிலும் முள் உண்டு. பதினைந்து வருஷக் கெடு. நடுவில் நினைத்தபோது எடுத்துவிட முடியாது. கடைக்கார அம்மாளிடம் அதைச் சொன்னேன். "எடுக்க முடியாட்டித்தான் நல்லது. எடுக்க முடிஞ்சா எங்க வீட்டுக்காரர் எடுத்துடுவார்" என்றார்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலியாவில் தம் ஓய்வுக்கால நிதியைத் தாமே நிர்வாகம் செய்ய ஒரு முறை இருக்கிறது. கணக்குத் தணிக்கை, வரிப் பத்திரம் எல்லாம் சொந்தச் செலவு. அந்த நாட்டு உற்பத்தித் திறன் கமிஷன் 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், ஐந்து லட்சம் டாலருக்குக் குறைந்த இருப்புள்ள அத்தகைய நிதிகள் சராசரியில் பெரியவற்றைவிடக் குறைவாகத்தான் சம்பாதித்தன என்று எழுதியது. ஐந்து லட்சம் டாலரே அங்கே சிறு முடிச்சு! அதே வருஷம் ஜூலையிலிருந்து அங்கே பொதுவான நிதிகளில் ஆறாயிரம் டாலருக்குக் கீழே உள்ள கணக்குகளில் வருஷத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் கட்டணம் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல், உத்தியோகப் பென்ஷனில் தானாகச் சேர்க்கப்பட்டவரின் இருப்பு நூறு பவுனோ அதற்குக் குறைவோ என்றால் நிலையான கட்டணமே கிடையாது. குட்டிக்குச் சுங்கம் இல்லை என்று சந்தைக்காரரே பலகை எழுதி வைத்தது போல. நம் பட்டியலில் இருப்பே இல்லாத கணக்குக்குத்தான் ஏட்டுக் கூலி கிடையாது. ஒரு ரூபாய் இருந்தாலும் நூறுதான். அந்த முதல் படியை இரண்டாகப் பிரித்து, அடி முடிச்சுக்காரருக்குக் கூலியைக் குறைத்தால் ஏட்டுக்காரர் ஒன்றும் ஏழையாகிவிட மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

சரி, அடல் பென்ஷன். பதினெட்டிலிருந்து நாற்பது வயது வரை உள்ளவர்கள் சேரலாம். 2022 அக்டோபர் முதல் வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இடமில்லை. 2025 ஜூலையில் இதில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை எட்டுக் கோடியைத் தாண்டியது. ஏட்டுக் கூலி வருஷத்துக்குப் பதினைந்து ரூபாய்தான். கட்டும் தடவைக்குக் கூலி இல்லை. எங்கே முதலீடு செய்வது என்று நீங்கள் தலையை உடைத்துக் கொள்ளவும் வேண்டாம். நம் பரிசல்காரர் மாதிரி முப்பது வயதில் சேர்ந்தால் மாதம் 116 ரூபாய். முப்பது வருஷத்தில் கட்டுவது மொத்தம் 41,760. அறுபது வயதிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் நிச்சயம். அவருக்குப் பிறகு மனைவிக்கு அதே ஆயிரம். இருவருக்கும் பிறகு வாரிசுக்கு 1,70,000. மாதம் ஐயாயிரம் வேண்டுமென்றால் 577 கட்ட வேண்டும். தாமதித்துச் சேர்ந்தால் ஏறிவிடும்: நாற்பது வயதில் ஆயிரம் ரூபாய்ப் பென்ஷனுக்கே மாதம் 291.

இங்கேயும் வால் இருக்கிறது. ஆயிரம் என்றால் என்றைக்கும் ஆயிரம்தான். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. வருஷத்துக்கு ஐந்து சதவீதம் விலை ஏறிக் கொண்டே போனால், முப்பது வருஷம் கழித்து வரும் ஆயிரத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 231 ரூபாய். இரண்டாவது, நடுவில் விலகினால் கட்டின பணமும் அது சம்பாதித்ததும் கூலி போகத்தான் கிடைக்கும். மூன்றாவது, தவணை நாளில் பாங்கியில் பணம் இல்லாவிட்டால் தாமதத்துக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம்.

மூன்றாவது வாலைப் பார்த்ததும் பரிசல்காரர் சிரித்துவிட்டார். "காவேரி பொங்கினா எங்க பையில தண்ணி வத்திப் போயிடும் ஐயா. வாரக் கணக்கில பரிசல் கிடையாது. அப்போ தவணைக்கு எங்கே போறது?"

அதற்கு ஒரு வழி உண்டு. தவணையை மாதாமாதம்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்றாகவோ ஆறு மாதத்துக்கு ஒன்றாகவோ வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டு ஒகேனக்கல்லில் கூட்டம் அலைமோதுகிறபோது ஒன்று, ஆறு மாதம் கழித்து வெள்ளம் வடிந்து பரிசல் ஓடுகிறபோது ஒன்று என்று அமைத்துக் கொண்டால் அபராதத்துக்கு இடமில்லை. மாதச் சம்பளக்காரர்கள் வகுத்த தவணைக்குள் ஆற்றை அடைக்க முடியுமா?

எந்தப் பட்டியலிலும் இல்லாத கூலி ஒன்றும் இருக்கிறது. அதைச் சொன்னவர் கடைக்கார அம்மாள்தான். பாங்கிக்கோ தபாலாபீஸுக்கோ ஒரு தடவை போய் வந்தால் அரை நாள். அவருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் இலவசம்தான். ஆனால் கடையைச் சாத்திவிட்டுப் போனால் அரை நாள் டீ ஆறவில்லை. 'சர்வர் இல்லை, நாளைக்கு வா' என்று சொல்லிவிட்டால் இன்னொரு அரை நாள். பன்னிரண்டு தடவைக்கும் ஒரு தடவைக்கும் உள்ள வித்தியாசத்தில் இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

கடைசியில் இருவரும் என்ன செய்வதாக முடிவு பண்ணினார்கள் என்று கேட்பீர்கள். அம்மாள் தபாலாபீஸ் பக்கம் சாய்ந்துவிட்டார். வாலிபர் பழைய கணக்கை நிறுத்தப் போவதில்லை. வருஷத்துக்கு ஒரே தடவை கட்டுவதாகச் சொன்னார். மாதாமாதம் கையில் மிஞ்சுவதைத் தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்து, பங்குனியில் மொத்தமாக எடுத்துக் கட்டுவது என்று ஏற்பாடு. (அங்கேயும் ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கவிட்டால் வருஷக் கடைசியில் ஐம்பது ரூபாய் பிடித்துக் கொள்வார்கள். எங்கே போனாலும் ஒரு சுங்கச் சாவடி!) அதோடு அடல் பென்ஷனிலும் 116 ரூபாய்க் கணக்கு ஒன்று. இரண்டையும் ஒருவரே வைத்துக்கொள்ளத் தடையில்லை.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்ட வாலிபர், எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு கணக்குச் சொல்றீங்களே, உங்களுக்குப் பென்ஷன் எவ்வளவு வருமுங்க?"

நல்ல வேளையாக அந்தச் சமயத்தில் தர்மபுரி பஸ் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.